சிறு தீவு நாடுகளும் பருவநிலைத் திட்டமிடலும்: மாலத்தீவு தரும் படிப்பினை

ஹிஜ்ரி 744-ஆம் ஆண்டில் (கி.பி. 1343) மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலத்தீவில் கரையிறங்கினார். அங்கே காழியாக அமர்த்தப்பட்டார். மணவுறவுகளால் அரண்மனை வட்டாரத்திலும் இடம்பெற்றார். பின்னர் மனக்கசப்புடன் புறப்பட்டு இலங்கைக்கும், அங்கிருந்து அரபியர் மஅபர் என்றழைத்த நம் கீழைக் கரைக்கும் வந்து சேர்ந்தார். அத்தீவுகளைப் பற்றி அவர் விட்டுச் சென்ற குறிப்புகளுள் ஒன்று கயிறு பற்றியது. தேங்காய் மட்டைகளைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, தடி கொண்டு அடித்து, அந்த நாரைப் பெண்கள் கயிறாகத் திரிப்பதையும், அக்கயிறு இந்தியா, சீனா, யமன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியாவதையும், அதைக் கொண்டே மரக்கலங்களின் பலகைகள் தைக்கப்படுவதையும் அவர் விவரித்திருக்கிறார்.

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அத்தொழில் மாலத்தீவில் மறையவில்லை. வட மாலத்தீவைச் சேர்ந்த குல்ஹுதுஃபுஷி என்னும் தீவில், அலையாத்திக் காடு சூழ்ந்த சேற்று நிலத்தில் பெண்கள் மட்டைகளைப் புதைத்து ஊறவைத்துக் கயிறு திரித்து வந்தனர். 2017-ஆம் ஆண்டில் அச்சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டு, அதன்மேல் விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஹனிமாதூவில் ஏற்கெனவே ஒரு விமான நிலையம் இருந்தது என்பதையும் நாம் கருத வேண்டும்.

கடல்மட்ட உயர்வு குறித்து உலக மன்றங்களில் முதன்முதலாக உரத்துக் குரலெழுப்பிய நாடுகளுள் மாலத்தீவு தலையானது. அலையையும் வெள்ளத்தையும் தாங்கி நிற்கும் சதுப்பு நிலத்தை அந்நாடே தன் கையால் தூர்த்தது எவ்வாறு? அந்நாட்டுக்கு அறிவு இல்லாமல் இல்லை; சட்டம் இல்லாமல் இல்லை; திட்ட ஏடுகளும் இல்லாமல் இல்லை. அப்படியாயின் குறை எங்கே இருக்கிறது? சிறு தீவு நாடுகளின் தேசியச் சுற்றுச்சூழல் திட்டங்களில் பருவநிலை மாற்றத்தை இணைப்பது என்னும் பொருளை இவ்வினாவின் வழியாகவே நாம் அணுக விரும்புகிறோம்.

மண்ணும் நீரும்

மாலத்தீவு வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் 1,190-க்கும் அதிகமான பவளத் தீவுகளின் தொகுதி. இத்தீவுகள் 26 வளையங்களாக அமைந்துள்ளன. இத்தகைய பவள வளையத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல்லே அந்நாட்டின் திவேஹி மொழி நிலவியலுக்கு அளித்த கொடை. மக்கள் வாழும் தீவுகள் இருநூற்றுக்கும் குறைவு. அனைத்துத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றுசேர்த்தாலும் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். அதில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை.

பருவநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. புகைவெளியேற்றம் மிகக் குறைந்தால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரையிலும், மிக மிகுந்தால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலும் உயரக்கூடும் என அக்குழு கணித்துள்ளது. இவ்வெண்களை மேற்சொன்ன ஒரு மீட்டருடன் ஒப்பிட்டு, 'தீவுகள் மூழ்கிவிடும்' என முடிவு கட்டுவது எளிது. ஆயினும் உண்மை அதைவிடச் சிக்கலானது. அச்சிக்கலை உணராத திட்டம் பயன் தராது.

பவளத்தீவு என்பது கருங்கல் தீவு போல நிலைத்து நிற்பதன்று. அது பவளப்பாறை மேடையின்மீது அலைகள் குவித்து வைத்த மணல். அம்மணலும் வேறெங்கிருந்தோ வருவதில்லை. சுற்றியுள்ள உயிருள்ள பவளத்திட்டுகளிலிருந்தே பிறக்கிறது. கிளியின் அலகு போன்ற வாயுடைய கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து அரைத்து மணலாக வெளியேற்றுகின்றன. மாலத்தீவின் வக்காரு என்னும் தீவில் நடந்த ஆய்வொன்று, அங்கே புதிதாகப் பிறக்கும் மணலில் மிகப் பெரும்பகுதி இம்மீன்களின் உழைப்பே எனக் காட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது கரைமணல் தீவின் கீழ்ப்புறம் நகர்கிறது; வடகிழக்குக் காற்றின்போது மீண்டும் மேற்புறம் திரும்புகிறது. தீவு ஒவ்வோர் ஆண்டும் தன் கரையைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது எனலாம்.

திவேஹி முன்னோர் இவ்வியல்பை அறிந்தே வாழ்ந்தனர். ஆண்டை 'நகாய்' எனப்படும் 27 சிறு பருவங்களாகப் பகுத்து, எப்போது கடல் கொந்தளிக்கும், எப்போது மீன் பெருகும், எப்போது நடவு செய்யலாம் எனக் கணித்தனர். 'நட்சத்திரம்' என்னும் சொல்லோடு உறவுடைய பெயர் அது. கரையோரப் புதர்களையும் மரங்களையும் வெட்டாது விட்டு, தம் வீடுகளைச் சற்று உள்ளே தள்ளிக் கட்டினர். எழுதப்படாத திட்டமிடல் இது.

இத்தகைய தீவுகள் கடல் உயரும்போது எவ்வாறு நடந்துகொள்ளும்? பசிபிக் பெருங்கடலின் துவாலு நாட்டில் 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வு, 101 தீவுகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பரப்பில் பெருகியிருந்ததைக் கண்டது. மணல் வரத்து இருக்கும்வரை, மணல் நகர இடமிருக்கும்வரை, தீவு கடலோடு சேர்ந்து ஓரளவு தானும் மாறிக்கொள்கிறது என்பதே இதன் பொருள். கவலை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பரப்புப் பெருகிய தீவிலும் அலை வெள்ளம் வீடுகளுக்குள் புகலாம். கிணற்று நீர் உவர்க்கலாம். தவிரவும் மணலைத் தரும் பவளமே இன்று நோயுற்றிருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில் மாலத்தீவின் ஆழமற்ற பகுதிப் பவளங்களுள் 90 விழுக்காட்டிற்கும் மேல் வெளுத்து மடிந்தன. மெல்ல மீண்டு வந்தவை 2016-இல் மீண்டும் வெளுத்தன. புவி வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் உலகப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டிற்கும் மேலும் அழியும் என்பது மேற்குறித்த குழு 2018-இல் தந்த எச்சரிக்கை.

நீரின் கதையும் இத்தகையதே. தீவில் பெய்யும் மழை மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு குமிழ்போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. எனவே கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அளவு நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அளவு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் விதி. இதை மறுபுறமாகப் படித்துப் பார்க்க வேண்டும்: மேலே ஓர் அங்குலத்தை மிகையாக இறைத்தால், கீழே நாற்பது அங்குலம் உவர்நீர் ஏறி வரும். மின்மோட்டாரின் அளவற்ற இறைப்பும், கழிவுக் குழிகளின் கசிவும், கரைதாண்டும் அலையும் சேர்ந்து மக்கள்தொகை மிகுந்த தீவுகளில் இந்நீரைக் கெடுத்துவிட்டன.

எச்சரிக்கையும் ஏடுகளும்

1987 ஏப்ரலில் பேரலைகள் தலைநகர் மாலேயின் தெருக்களிலும் அருகிலிருந்த விமான நிலையத்திலும் புகுந்தன. கடலைத் தூர்த்துப் புதிதாக உருவாக்கிய நிலமே பெருஞ்சேதத்துக்கு உள்ளாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் மஃமூன் அப்துல் கையூம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இவ்வாபத்தை உலகின் முன் வைத்தார். 1989 நவம்பரில் சிறு நாடுகளின் மாநாடு மாலேயில் கூடி, கடல்மட்ட உயர்வு குறித்த பிரகடனத்தை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக 1990-இல் சிறு தீவு நாடுகளின் கூட்டணி உருவாயிற்று.

உள்நாட்டிலும் பணி தொடங்கியது. முதலாவது தேசியச் சுற்றுச்சூழல் செயல்திட்டம் 1989-இல் வந்தது. 1993-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, சூழலைப் பாதிக்கக்கூடிய எத்திட்டத்திற்கும் முன்கூட்டியே தாக்க மதிப்பீடு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது செயல்திட்டம் 1999-இலும் மூன்றாவது 2009-இலும் வெளிவந்தன. இடையே 2006-இல் தகவமைதலுக்கான தேசியச் செயல்திட்டம் எழுதப்பட்டது. 2021-இல் பருவநிலை நெருக்கடிச் சட்டம் நிறைவேறியது. 2030-க்குள் நிகரப் புகைவெளியேற்றத்தைச் சுழியமாக்கும் குறிக்கோளை அது சட்டத்தில் பதித்தது.

உலகின் பெரிய நாடுகள் பல இத்துறையில் ஏடு திறப்பதற்கு முன்பே இச்சிறு நாடு இத்தனை ஏடுகளை எழுதி முடித்தது என்பது பாராட்டுக்குரியது. ஆயினும் இவ்வேடுகள் பெரும்பாலும் ஒரே அமைச்சகத்தின் அலமாரியில் இருந்தன. துறைமுகம் ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு, வீட்டுவசதி மற்றொன்றினுடையது, சுற்றுலா வேறொன்றினுடையது, பணமோ நிதியமைச்சகத்தின் கையில். பருவநிலை பற்றிய அத்தியாயம் சுற்றுச்சூழல் திட்டத்தில் எழுதப்பட்டது. தீவின் எதிர்காலம் வேறு மேசைகளில் முடிவாயிற்று.

2004: சோதனை நாள்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தின் விளைவு. பருவநிலை மாற்றத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் கடல் ஒரு மீட்டர் மேலேறினால் என்னவாகும் என்பதை அது சில மணி நேரத்தில் காட்டிவிட்டுச் சென்றது. 82 பேர் உயிரிழந்தனர். 26 பேர் காணாமற்போயினர். சேதம் ஏறத்தாழ 47 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அது அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 விழுக்காட்டுக்குச் சமம். மக்கள் வாழ்ந்த தீவுகளுள் ஒன்பது மட்டுமே வெள்ளத்திலிருந்து தப்பின. பல தீவுகளில் நன்னீர்க் குமிழ் உவர்நீராயிற்று.

ரா அட்டோலில் இருந்த கந்தொல்ஹுதூ மக்கள்நெருக்கம் மிகுந்த சிறு தீவு. ஆழிப்பேரலைக்கு முன்பே அங்கு அடிக்கடி அலைநீர் வீடுகளுக்குள் புகுந்து வந்தது. பேரலைக்குப் பின் அதன் மக்கள் அனைவரும் வெளியேறினர். வேறு தீவுகளின் தற்காலிகக் குடியிருப்புகளில் நான்கு ஆண்டுகள் காத்திருந்து, அதுவரை ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் உதவியால் எழுந்த புதிய வீடுகளில் 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் குடியேறினர். ஓர் ஊர் முழுவதுமாகத் தன் பள்ளிவாசலையும் மையவாடியையும் விட்டுவிட்டு எழுந்து போவது எத்தகையது என்பதை உணர, நம் ஊர்களை ஒருகணம் நினைத்துப் பார்த்தாலே போதும். திட்ட ஏடுகளில் 'இடப்பெயர்ச்சி' என ஒரே சொல்லில் அடங்கிவிடுவது இதுதான்.

அரசு இதற்கு விடையாக 'பாதுகாப்பான தீவுகள்' என்னும் கொள்கையை முன்வைத்தது. தேர்ந்தெடுத்த சில தீவுகளை உயர்த்தி, கரைகளுக்கு அரண் அமைத்து, சிதறிய மக்களை அங்கே கூட்டுவது அதன் சாரம். மாலேக்கு அருகே 1997-இல் கடலைத் தூர்த்துத் தொடங்கிய ஹுல்ஹுமாலே இக்கருத்தின் பெரு வடிவம். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டது. 2004-இல் முதல் குடியேற்றம். 2015-இல் இரண்டாம் கட்டமாக 240 ஹெக்டேர் நிலம் சேர்ப்பு. 2018-இல் மாலேயுடன் இணைக்கும் பாலம். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் 5,15,132 மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் மாலே மாநகர்ப் பகுதியில் வாழ்ந்தனர்.

இக்கொள்கையில் நியாயம் உண்டு. ஜப்பானிய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட கடற்சுவர் 2004-இல் மாலே நகரின் சேதத்தைக் குறைத்தது. அத்தகைய சுவரை இருநூறு தீவுகளுக்கும் கட்ட எந்நாட்டின் கருவூலமும் போதாது. ஆனால் ஒரே இடத்தில் மக்கள் குவிவதும் ஓர் ஆபத்தே. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த ஒரு தீவிபத்தால் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தனர். இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று எந்தப் புயலும் வீசவில்லை; எந்த அலையும் எழவில்லை. ஓர் ஆலையை மட்டும் நம்பிய நகரின் பலவீனம் அது.

இடைவெளி எங்கே?

முதலாவது இடைவெளி காலம் பற்றியது. ஒரு பவளத்திட்டு கெட்டால் மீள்வதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். ஓர் ஆட்சியின் காலமோ ஐந்தாண்டு. 2008-இல் பல கட்சித் தேர்தல் வந்த பின் மாலத்தீவு ஐந்து அதிபர்களைக் கண்டுவிட்டது. ஓர் அரசு மக்களைக் கூட்டுவது பற்றிப் பேசியது. அடுத்தது தீவுகளைப் போக்குவரத்தால் இணைப்பது பற்றிப் பேசியது. அதற்கடுத்தது மீண்டும் தலைநகரைப் பெருக்கியது. தேர்தல் தோறும் துறைமுகமும் விமான நிலையமும் வீட்டுமனையும் வாக்குறுதியாகின்றன. நிலமில்லாத நாட்டில் இவை அனைத்துக்கும் கடலைத் தூர்ப்பதே வழியாகிறது.

இரண்டாவது இடைவெளி கணக்கு பற்றியது. கடலடி மணலை அள்ளும்போது எழும் கலங்கல் பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சுத்திணற வைக்கிறது. நன்கு வாழும் பவளப்பாறை, வரும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைத் தன்மேல் தாங்கி அழித்துவிடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான முடிவு. அத்தகைய அரண் சிதைந்தால், அதற்கு ஈடாகக் கல்லும் கான்கிரீட்டும் கொண்டு சுவரெழுப்ப வேண்டும். நிலம் சேர்க்கும் திட்டத்தின் செலவில் இச்சுவரின் விலை எழுதப்படுவதில்லை. பவளம் இலவசமாகச் செய்த பணி கணக்கில் வராததால், அதை அழிப்பதும் இலவசமாகத் தோன்றுகிறது.

இந்த உண்மையை அறிய நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் எதிரே மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்தன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். கடல் உயர்வதற்கு முன்பே, காவலை இழந்த தீவு தானே கரைந்துவிட்டது.

மூன்றாவது இடைவெளி இடம் பற்றியது. ஒரு தீவின் மேற்குக் கரையில் படகுத்துறைக்கெனக் கால்வாய் வெட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினால், பருவந்தோறும் தீவைச் சுற்றி நகரும் மணலின் வழி அறுபடுகிறது. ஓரிடத்தில் மணல் குவிய, வேறிடத்தில் கரை அரிக்கிறது. அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடப்படுகிறது; அது அரிப்பை அடுத்த கரைக்குத் தள்ளுகிறது. இவ்வாறு தோன்றும் கரையரிப்பு முழுவதையும் புவி வெப்பத்தின் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அயலார் மீது சுமத்த வேண்டிய பழி ஒன்று உண்டு. தம் கைகளால் செய்துகொண்டது ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே திட்டமிடலின் முதற்படி.

இணைப்பு என்பதன் பொருள்

இதுவரை கண்டவற்றிலிருந்து, பருவநிலையைத் திட்டமிடலில் இணைப்பது என்பது சுற்றுச்சூழல் ஏட்டில் புதியதோர் அத்தியாயம் சேர்ப்பதன்று என்பது தெளிவாகும். ஒவ்வொரு துறையின் ஒவ்வொரு முடிவும், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் இக்கரை எவ்வாறிருக்கும் என்னும் கேள்விக்கு விடை சொல்லிவிட்டே முன்செல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்கு வேண்டியவை நான்கு என நாம் கருதுகிறோம்.

முதலாவது, தாக்க மதிப்பீட்டின் தற்சார்பு. திட்டத்தை விரும்பும் துறையே அதன் தீமையை அளந்து சொல்லும் நிலை இருக்கலாகாது. வழக்காடுபவரே காழியாக அமர முடியாது என்பது நம் முன்னோர் அறிந்த நீதி. மதிப்பீடு, ஒரு திட்டம் சூழலைப் பாதிக்குமா என்பதோடு நில்லாமல், மாறிவரும் சூழலில் அத்திட்டம் நிலைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் செயல்திட்டத்தின்படி மாலத்தீவின் முக்கியக் கட்டமைப்புகளுள் 70 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை கரையிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள் இருந்தன. இனி எழும் மருத்துவமனையும் மின்நிலையமும் அவ்வரிசையில் சேரலாமா என்பதே கேள்வி.

இரண்டாவது, நீரையும் மின்சாரத்தையும் ஒன்றாகக் காண்பது. மாலத்தீவில் ஒவ்வொரு தீவுக்கும் தனி மின்நிலையம்; அதற்கு இறக்குமதி செய்த டீசல். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் அந்த மின்சாரத்தையே உண்கிறது. ஆகவே டீசல் கப்பல் வாராவிடில் விளக்கோடு குடிநீரும் நின்றுபோகும். வெளித்தீவுகளில் சூரிய மின்கலங்களையும் டீசல் பொறிகளையும் இணைக்கும் திட்டம் ஆசிய வளர்ச்சி வங்கியின் துணையுடன் 2014-இல் தொடங்கியது. 2015-இல் பசுமைப் பருவநிலை நிதியம் ஒப்புதல் அளித்த முதல் எட்டுத் திட்டங்களுள், மாலத்தீவின் 49 வெளித்தீவுகளில் மழைநீர்ச் சேகரிப்பையும் நீர்வழங்கலையும் செம்மைப்படுத்தும் திட்டமும் ஒன்று. மழைநீர்த் தொட்டி, காக்கப்பட்ட நிலத்தடி நீர், ஆலை நீர் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒன்றுக்கொன்று துணைநிற்கும் தீவே உண்மையில் பாதுகாப்பான தீவு.

மூன்றாவது, தீவு மக்களின் பங்கு. 2010-ஆம் ஆண்டின் அதிகாரப் பரவலாக்கச் சட்டம் தீவு மன்றங்களை உருவாக்கியது. 2019-இல் செய்த திருத்தம் அவற்றில் மூன்றிலொரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. எந்தக் கரையில் எந்த மாதம் மணல் சேரும் என்பதை மீனவர் அறிவர். எந்தக் கிணறு முதலில் உவர்க்கும் என்பதை வீட்டுப் பெண்கள் அறிவர். அவ்வறிவு தலைநகரின் வரைபட மேசையை எட்டுவதற்கு வழி வேண்டும். குல்ஹுதுஃபுஷியின் கயிறு திரிக்கும் பெண்களுக்கு அந்தச் சதுப்பின் அருமை தெரியும். அதே ஊரில் விமான நிலையம் வேண்டுமென விரும்பியோரும் உண்டு. நோயாளியை விரைவில் தலைநகர் சேர்க்க வேண்டும் என்னும் அவர்களுடைய தவிப்பும் மெய்யானது. இரு தேவைகளையும் ஒரே அவையில் வைத்து முடிவு காண்பதே திட்டமிடல். ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பேசுவது அரசியல்.

நான்காவது, வரவுசெலவுத் திட்டம். ஏட்டில் எழுதியதைக் கருவூலம் ஏற்காவிடில் பயனில்லை. 2015 முதல் மாலத்தீவு சுற்றுலாப் பயணியரிடம் நாள்தோறும் பசுமை வரி வாங்குகிறது. விடுதித் தீவுகளில் 6 டாலராகத் தொடங்கிய அவ்வரி 2025 சனவரியில் 12 டாலராக்கப்பட்டது. கழிவுநீர், குப்பை, கரைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு உள்நாட்டிலேயே நிலையான வருவாய் தேடிய இம்முறை பிற சிறு நாடுகளுக்கும் முன்மாதிரி. அதே கருவூலத்திலிருந்து பவளத்தை அழிக்கும் தூர்ப்புப் பணிக்கும் பணம் போனால், ஒரு கை கட்டியதை மறுகை இடித்ததாகும். எனவே ஒவ்வொரு துறையின் செலவும் கரையைக் காக்கிறதா, கரைக்கிறதா எனப் பிரித்துக் காட்டும் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

பணமும் நீதியும்

இத்தனையும் அந்நாட்டின் கடமை. ஆயின் இதனோடு நின்றுவிட்டால் நாம் நீதி தவறியவராவோம். உலகின் மொத்தப் புகைவெளியேற்றத்தில் மாலத்தீவின் பங்கு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தான் மூட்டாத நெருப்புக்குத் தன் வீட்டுப் பணத்தில் நீர் இறைக்கும் நிலை அதனுடையது. 2011-இல் அந்நாடு மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளின் பட்டியலிலிருந்து உயர்ந்தது. தலைவருமானம் உயர்ந்ததால் கிடைத்த இப்பெருமை, சலுகை உதவிகள் சிலவற்றின் வாயிலை அடைத்தது. வருமானக் கணக்கில் கடலின் உயரம் சேர்வதில்லை. இப்போதோ அதன் பொதுக்கடன் ஆண்டு உற்பத்தியையே விஞ்சி நிற்கிறது. கடன்பட்டுக் கட்டும் கடற்சுவருக்கு வட்டி செலுத்துவோர் நாளைய பிள்ளைகளே.

இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்று 2022-இல் எகிப்தின் ஷர்முஷ் ஷைக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு, 2023-இல் துபாயில் செயலுக்கு வந்தது. சிறு தீவு நாடுகள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இதுவே. அடுத்து, வனுவாட்டு என்னும் பசிபிக் தீவு நாட்டின் முயற்சியால் சர்வதேச நீதிமன்றத்தின் முன் சென்ற வினாவுக்கு 2025 சூலை 23-இல் விடை கிடைத்தது. பருவநிலை அமைப்பைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை என்றும், அதை மீறுவோர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றும் அந்நீதிமன்றம் கருத்துரைத்தது. கடல் உயர்ந்து கரை மாறினும் ஒரு நாடு முன்பு வரையறுத்த தன் கடலெல்லையைத் திருத்த வேண்டியதில்லை என்றும், அரசொன்றின் கூறுகளுள் ஒன்று மறைவதால் மட்டும் அந்த அரசு இல்லாததாகிவிடாது என்றும் அது கூறியது. சிறு தீவு மக்களுக்கு இவை ஆறுதல் தரும் சொற்கள்.

இருப்பினும் எல்லா நாடுகளும் ஒரே வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. கிரிபாட்டி 2014-இல் ஃபிஜி நாட்டில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது. துவாலு 2023-இல் ஆஸ்திரேலியாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே சென்று வாழ வழி திறந்தது. வெளியேறும் வாயிலைத் திறந்து வைப்பதைக் கோழைத்தனம் எனக் கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் தங்கியிருக்க விரும்புவோர் தங்குவதற்கான வழி மூடப்பட்டபின் திறக்கும் வாயில், தெரிவு ஆகாது, துரத்தல் ஆகும்.

நிறைவாக

மாலத்தீவு நமக்கு அயலன்று. சோழர் மெய்க்கீர்த்தி பேசும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என வரலாற்றாசிரியர் கருதுவர். அத்தீவுகளின் மாசி இன்றும் இலங்கையிலும் நம் தென்கரை ஊர்களிலும் சம்பலிலும் கறியிலும் மணக்கிறது. மாலேயில் ஹிஜ்ரி பதினொன்றாம் நூற்றாண்டில் (கி.பி. 1658) கட்டி முடிக்கப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதன் சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லால் ஆனவை. சுண்ணமின்றி ஒன்றோடொன்று பொருந்துமாறு செதுக்கி அடுக்கிய கற்கள் அவை. அளவறிந்து எடுத்து, நேர்த்தியோடு அமைத்து, தலைமுறைகளுக்கு விட்டுச் சென்ற அந்தச் சிற்பியரின் கைத்திறத்தில் ஒரு திட்டமிடல் நெறி இருக்கிறது.

இன்று அந்நெறி சட்டமாகவும் வரவுசெலவாகவும் மறுபிறப்பெடுக்க வேண்டும். பெருநாடுகள் தம் புகையைக் குறைக்காவிடில், எத்துணைச் சிறந்த தீவுத் திட்டமும் தோற்கும் என்பது உண்மை. பெருநாடுகள் குறைத்தாலும், தன் பவளத்தையும் சதுப்பையும் தானே அழித்துக்கொள்ளும் தீவு அக்காலம்வரை தாக்குப்பிடிக்காது என்பதும் அதே அளவு உண்மை. முதலாவது உண்மையை உலக மன்றங்களில் உரக்கச் சொல்லும் தகுதி, இரண்டாவது உண்மையை வீட்டில் மதித்து நடப்போருக்கே நிறைவாகக் கிட்டும். தீவு என்பது முன்னோரிடமிருந்து பெற்ற சொத்து மட்டுமன்று. வருங்காலத்தாரிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதமும் ஆகும். அதன் கரையில் வைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் இன்று திட்டம் தீட்டுவோரே.